மணல்குழிக்கு முன்னால் ஒரு குறி

குறி போடுவதற்குச் சாதாரண கோதுமை மாவே போதும். சுண்ணாம்புத் தூள் இன்னும் வெள்ளையாகத் தெரியும், ஆனால் நாய்களின் பாதத்தைப் புண்ணாக்கிவிடும். எங்கள் ஓட்டத்துக்கு நாய்களும் வரும் என்பதால் நாங்கள் மாவைத்தான் எடுத்துப் போவோம்.

நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி, ஐயா. ஒன்பது வருடத்துக்கு முன், பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை காலையில், மணல்குழிப் பக்கம் போகும் பொய்ப்பாதையில் டெல்லா குறுக்குக் குறி போட்டாளா, இல்லையா என்று. தான் போடவில்லை என்று அவளே ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுத்துவிட்டாள் என்றும் சொன்னீர்கள். பதிலை என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்து எனக்கு ஐம்பத்தைந்து வயசுக்கு மேல்தான் வந்தது. கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஓடுகிறவர் இல்லை, அதனால் இதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஓட்டத்தில் இரண்டு பேர் முயல்கள். மற்றவர்கள் வருவதற்கு முன்பே முயல்கள் கிளம்பி, காட்டுக்குள்ளும் மேட்டுப் புதர்வெளியிலும் ஐம்பது அடிக்கு ஒரு கைப்பிடி மாவு போட்டுக்கொண்டே போவார்கள். வழி பிரிகிற இடங்களில் பொய்ப்பாதையும் உண்டு. அதில் ஏழெட்டுக் கைப்பிடி போனபின் பெரிதாக ஒரு குறுக்குக் குறி இருக்கும். அதைப் பார்த்தவன் முயலைத் திட்டிக்கொண்டே திரும்பி வருவான். அதற்குள் வயசானவர்களும் தொப்பைக்காரர்களும் அவனை எட்டிப் பிடித்துவிடுவார்கள். எல்லோரும் ஒன்றாகப் பப்புக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

எப்போதும் முதலில் ஓடுகிறவன் டங்கன். நல்லவன். நியூசிலாந்திலிருந்து என் மகள் எழுதும் கடிதங்களை அவன்தான் எனக்குப் படித்துக் காட்டுவான், அவனுடைய காருக்குள் உட்கார்ந்து. அவள் என்னைத் திட்டியிருக்கும் இடங்களில் மட்டும் கொஞ்சம் வேகமாகப் படிப்பான். எனக்குப் படிக்கத் தெரியாததை யாரிடமும் சொல்லாதே என்று ஒரே ஒரு தடவை அவனிடம் கேட்டுக்கொண்டேன்.

ஓட்டம் முடிந்ததும் பப்புக்குப் பின்னால் வட்டமாக நிற்போம். யாரும் யார் மேலும் குற்றம் சாட்டலாம். ஷூ சுத்தமாக இருந்தால் அதுவும் குற்றம். சாட்டப்பட்டவன் ஒரு குவளை பீரை ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். பிறகு எல்லோரும் புத்தகத்தைப் பார்த்துப் பாடுவோம். அந்த ஜனவரியில் டங்கன் என்னை நடுவில் நிறுத்தினான்.

"வில்ஃப் மேல ஒரு கேஸ் இருக்கு. பதினோரு வருஷமா மனுஷன் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டுப் பாடுறாரு."

"புத்தகத்தையே அப்படித்தான்யா அச்சடிச்சிருக்கான்," என்றாள் டெல்லா.

"அப்போ இன்னிக்கு நேராப் பிடிச்சு ரெண்டே ரெண்டு வரி படிக்கட்டும். இல்லேன்னா ரெண்டு குவளை."

"குவளையையே குடுப்பா," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டாவது குவளையைக் கீழே வைப்பதற்குள் அது வேடிக்கை இல்லை என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. அடுத்த ஞாயிறு பப்பில், நான் கேட்காமலேயே, என்னென்ன சாப்பாடு இருக்கிறது என்று ஒருவர் பலகையைப் பார்த்து எனக்கு மெதுவாக வாசித்துக் காட்டினார். சிரிப்பைத் தாங்கிக்கொண்டேன், ஐயா. அந்த மெதுவான வாசிப்பைத் தாங்க முடியவில்லை.

பிப்ரவரியில் முயல்கள் டெல்லாவும் நானும். நல்ல பனிமூட்டம். அவள் முன்னால், நான் பின்னால். மணல்குழியின் விளிம்புக்கு நாற்பது அடி இருக்கும்போதே அவள் குனிந்து குறுக்குக் குறி போட்டாள். கை நீளத்துக்கு இரண்டு கோடு.

"போதுமா வில்ஃப்? அரைக்கண்ணுக்காரனுக்குக்கூடத் தெரியும்."

"தாராளமாப் போதும்," என்றேன்.

அவள் போட்டாள். உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்.

ஷூ நாடாவைக் கட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லி அவளை முன்னே அனுப்பினேன். ஈர மணலில் மாவு ஷூவின் மூன்று தேய்ப்பில் மறைந்துவிட்டது. பிறகு அதற்கு அப்பால் நெருக்கமாக இரண்டு கைப்பிடி போட்டேன். குழியோரத்துக் கம்பிவேலி வியாழக்கிழமைக் காற்றில் சாய்ந்து கிடந்தது. வேலி கட்டுவது என் பிழைப்பு, திங்கட்கிழமை அதை நிமிர்த்துவதாக இருந்தேன். டங்கன் வழி தவறி, முட்புதரில் கிழிபட்டு, கடைசி ஆளாக வந்து சேர வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். வட்டத்தில் அவன் மேல் சொல்ல வேண்டிய குற்றச்சாட்டைக்கூட மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன்.

டங்கன் விழுந்த குழி எழுபது அடி ஆழம். நீங்கள் போய்ப் பார்த்திருப்பீர்கள்.

ஏதோ ஒரு நாய் குறியை நக்கியிருக்கும் என்று விசாரணையில் முடிவு செய்தார்கள். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். டெல்லாவிடம் நானும் அதையே சொன்னேன்.

"நாய் நக்கியிருக்கும், விடும்மா."

"போட்டிருந்தாத்தானே நாய் நக்கும்? போட்டேனான்னே எனக்கு இப்போ ஞாபகம் வரல. நீ பின்னாடிதானே வந்தே, பாத்தியா?"

"மூட்டத்துல சரியாத் தெரியல."

ஒன்பது வருடமாக அவள் அதே கேள்வியைக் கேட்டாள், நானும் அதே பதிலைச் சொன்னேன். ஓடுவதை விட்டுவிட்டாள். தூக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். பொழுது விடிந்ததும் அங்கே போய் ஒரு குறுக்குக் குறி போட்டுவிட்டு வருகிறாள் என்று கேள்விப்பட்டபோது, அவள் வீட்டு வேலியைக் கூலி வாங்காமல் சரி செய்து கொடுத்தேன். அவளிடம் அன்பாகத்தான் இருந்தேன், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எழுதாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும்.

குறி போட்டு முடித்ததும் முயல்கள் திரும்பி வந்து பின்வரிசைக்காரர்களோடு நடப்பதுதான் வழக்கம். அன்று நான் டெல்லாவை அவர்களோடு விட்டுவிட்டு, பிர்ச் மரங்களுக்கு நடுவே குறுக்கே போய் அந்தப் பொய்ப்பாதையோரம் நின்றேன். டங்கனைத் தடுத்துத் திருப்பி அனுப்பத்தான் போனேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லி வந்தேன். மூட்டத்தில் ஆள் தெரியவில்லை. மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. எங்களில் வழி தெரியாமல் நிற்கிறவன் "சரியா?" என்று கத்துவான். குறியைக் கண்டவன் பதில் கொடுப்பான். பதில் வராமல் யாரும் மேலே ஓட மாட்டோம்.

டங்கன் நின்றுவிட்டான், ஐயா. நின்று, "சரியா?" என்று கேட்டான்.

"சரிதான், ஓடு," என்றேன்.