வெளியே தொங்கிய பூட்டு

எனக்கு மே மாதம் பிடிக்கும், ஐயா. பகல் பதினொரு மணிக்கெல்லாம் நாக்பூரில் தெரு அடங்கிவிடும். ஜன்னல்களில் கூலர் ஓடும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்காது. யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை.

திருடர்களுக்கும் அந்த மாதம்தான் பிடிக்கும். பெண்கள் பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். காலி வீடாகப் பார்த்து, ஜன்னலில் இருக்கும் கூலரை உருவிக் கீழே வைத்துவிட்டு அந்த வழியாகவே உள்ளே நுழைவார்கள். எங்கள் தெருவில் ஒரே வாரத்தில் இரண்டு வீடுகளில் அப்படி நடந்தது.

வீடு காலியாக இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். என் மனைவி நளினியையும் ஒன்பது வயது மகள் கேத்கியையும் யவத்மாலில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆனால் நளினி யார் வந்து தண்ணீர் கேட்டாலும் கதவைத் திறப்பவள். அதனால் அலுவலகம் கிளம்பும்போது வெளியே பூட்டினேன். கூலரைக் கழற்றி அறைக்குள் வைத்து, ஜன்னல்களுக்கு இரும்புத் தகடு அடித்தேன். மாமியார் ஓயாமல் கூப்பிடுவார் என்று செல்போனையும் என்னோடு எடுத்துப் போனேன்.

வெளிக்காற்று கிடைக்காத கூலர் அறையைக் குளிர்விக்காது, புழுக்கத்தைத்தான் கூட்டும். எங்கள் ஊரில் இது தெரியாதவர் இல்லை. எனக்கும் தெரியும். மாலை ஆறு மணி வரைக்கும்தானே என்று நினைத்தேன்.

மே மாதத்தில் மனைவியை ஊருக்கு அனுப்பாதவனைத் தெரு சும்மா விடாது. எதிர்வீட்டு டாங்கே கேட்டபோது, இருவரும் போய்விட்டார்கள், திருடனை ஏமாற்ற டி.வி.யை ஓடவிட்டுப் போகிறேன் என்று சொன்னேன். நல்ல யோசனை என்றார். தெரு முழுவதும் சொல்லியும் வைத்தார்.

இரண்டாம் நாள் கேத்கி சாப்பிட்டதை வாந்தி எடுத்தாள். உடம்பெல்லாம் வேர்க்குரு. "பப்பா, ஒரே ஒரு ஜன்னலை மட்டும் திறந்து விடுங்க. நான் பக்கத்துலயே உக்காந்து காவல் காக்கறேன்" என்றாள். பொறுப்பான குழந்தை. இன்னும் கொஞ்ச நாள்தான் என்று தலையைத் தடவிக்கொடுத்தேன். நளினி டாங்கே வீட்டிலாவது போய் இருக்கிறோம் என்று கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அவளும் புரிந்துகொண்டாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் மாலை டாங்கே வாசலில் நிறுத்தினார். "என்ன மதுகர் பாவு, இன்னிக்கு உங்க டி.வி.ல மத்தியானம் பூரா ஒரே அழுகை. கதவை வேற தட்டறாங்க. இந்த சீரியல்காரங்களுக்கு வேற வேலையே கிடையாதா?"

நாளைக்குச் சிரிப்புப் படமாகப் போட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார். எங்கள் டி.வி. ஹோலிக்கு முன்பே பழுதாகிவிட்டது, ஐயா. வீட்டுக்குள் போய் நளினியிடம் கோபப்படாமல்தான் சொன்னேன். சத்தம் போட்டால் வீட்டில் பெண்ணும் குழந்தையும் தனியாக இருப்பது வெளியே தெரிந்துவிடும், அது உங்களுக்குத்தான் ஆபத்து என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நாற்பத்தேழு டிகிரி. மாலையில் டாங்கே தன் வீட்டுக்குக் கூப்பிட்டு மாங்காய்ப் பன்னா கொடுத்தார்.

"இன்னிக்கு டி.வி. போட மறந்துட்டீங்களா பாவு? மத்தியானத்துக்கு மேல சத்தமே இல்லையே. திருடன் கண்டுபிடிச்சிருவான், பாத்துக்குங்க."

சொன்னதைக் கேட்டிருக்கிறாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. பன்னாவை மெதுவாகக் குடித்தேன். இன்னொரு தம்ளர் ஊற்றினார். அதையும் குடித்தேன். ஏன் அவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று நீங்கள் கேட்கிறீர்கள். வெளியே வெயில் இன்னும் தணியவில்லை, ஐயா.

பூட்டைத் திறந்தபோது கதவு முழுதாகத் திறக்கவில்லை. இருவரும் அதன்மேல் சாய்ந்திருந்தார்கள். அவர்களைத் தள்ளித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. நேரே போய் நகை வைத்திருந்த அலமாரியைப் பார்த்தேன். வைத்தது வைத்தபடியே இருந்தது.