அடிக்கு நடுவே நின்ற ஒற்றைக்கை அக்கா

மேடையில் அமர்ந்திருக்கும் நம் வழக்கறிஞர் அம்மா அவர்களே! அக்காவின் உயிரைப் பிடித்து நிறுத்தக் கடைசிவரை போராடிய மருத்துவர் ஐயா அவர்களே! அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு, அழக்கூட நேரமில்லாமல் இவ்வளவு நேரமும் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த நம் வீட்டுப் பிள்ளையே, அக்காவின் மகளே! ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் இடுப்பில் குழந்தையோடும் வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் உறவுகளே! கதவுக்கு வெளியே தடியோடு நிற்கும் காவலர்களே! உங்களுக்கும் சேர்த்துத்தான் வணக்கம். காதில் விழும் தூரத்தில்தான் நிற்கிறீர்கள். கேளுங்கள்.

நான் பேச்சாளன் இல்லை. பேருந்துப் பணிமனையில் வெல்டர். இரும்பை ஒட்டத் தெரியும், வார்த்தையை ஒட்டத் தெரியாது. நம் உதவித்தொகைப் பாதுகாப்புக் கூட்டமைப்பில் அக்கா தலைவி, நான் செயலாளர். அந்த உரிமையில் பேசுகிறேன். கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசு ஓர் அறிக்கை விட்டிருக்கிறது. பார்த்தீர்களா? 'கூட்ட நெரிசலில் கால் இடறிப் படியில் விழுந்ததால் மரணம்.' கால் இடறியதாம்! மருத்துவர் ஐயா இங்கேதான் இருக்கிறார். அக்காவின் பின்மண்டை பிளந்திருந்தது. பிடரியில் ஒரு வீச்சு. தோள்பட்டை எலும்பு நொறுங்கிக் கிடந்தது. முதுகில் பூட்ஸ் தடம். நான் கேட்கிறேன், படிக்கட்டுக்குக் கை முளைத்ததா? படிக்கட்டு பூட்ஸ் போட்டுக்கொண்டதா? ஒரு முறை விழுந்தவளை, எழுந்து நின்று மறுபடி மறுபடி அடிக்கிற படிக்கட்டு எந்த ஊரில் இருக்கிறது?

இல்லை தோழர்களே! அக்கா விழவில்லை. அடித்துக் கொன்றார்கள். இந்த ஒலிபெருக்கியில் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

அக்காவை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர். ரத்தம் தோய்ந்த படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பிழியும் ராட்சச இயந்திரம். மூடி சரியில்லை என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்கள். ஒருநாள் அது அவருடைய இடது கையை முழங்கைவரை முறுக்கிப் பிடுங்கிக்கொண்டது. அக்கா மயங்கவில்லை. பக்கத்தில் நின்றவள் மயங்கி விழுந்தாளாம், அவளுக்குத் தண்ணீர் தெளிக்கச் சொன்னது அக்காதான்!

உதவித்தொகை கேட்டுப் போனபோது ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? "இன்னொரு கை நல்லாத்தானே இருக்கு?" அக்கா அந்த நல்ல கையை ஜன்னலுக்குள் விட்டு, அவர் சட்டைக் காலரைப் பிடித்து, மூக்கு கம்பியில் அழுந்தும்வரை இழுத்தார். "நல்லாத்தான் இருக்கு. பாத்துக்கிட்டீங்களா?" என்றார்.

சிரிக்கலாம், சிரியுங்கள். அக்காவைப் பற்றிப் பேசும்போது சிரிக்காமல் இருக்க முடியுமா? ஒற்றைக்கை அக்கா என்று யாரோ கேலியாகக் கூப்பிட்டதை, அவரே பட்டமாகச் சூட்டிக்கொண்டார். "ஒரு கை தட்டினா ஓசை வராதுன்னு சொல்றாங்க. ஒரு கை அறைஞ்சா வரும்ல?" என்பார்.

ஆனால் அந்த வாய் வெறும் வாய்த்துடுக்கு இல்லை உறவுகளே. உதவித்தொகைகளை வெட்டும் சீரமைப்பு மசோதாவை அரசு கொண்டுவந்தபோது, மாநிலத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பேருந்திலும் லாரியிலும் போனவர் யார்? கண் தெரியாதவர்களையும் கைம்பெண்களையும் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களின் குடும்பங்களையும் ஒரே கொடியின் கீழ் கொண்டுவந்தவர் யார்? அமைச்சர் அறைக்கு எங்களை அழைத்துப் போனார். குளிரூட்டிய அறை. மேசைமேல் கண்ணாடி. அமைச்சர் இதமாகத்தான் பேசினார். "அம்மா, கஜானா காலி. எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்." அக்கா தன் வெற்றுச் சட்டைக்கையைத் தூக்கி அந்தக் கண்ணாடிமேல் போட்டார். "நான் ஏற்கெனவே கொஞ்சம் விட்டுக்கொடுத்துட்டேன்யா. நீங்க எதை விட்டுக்கொடுக்கறீங்க?"

பதிலுக்குப் பதிலாக ஜீப்புகள் வந்தன.

சட்டம் நிறைவேறும் முன்பே வந்த அவர்களுக்கு மறு ஆய்வுக் குழு என்று பெயர். உதவி வாங்குகிறவர் நிஜமாகவே முடியாதவரா என்று வீடு புகுந்து பார்ப்பார்களாம். எங்கள் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற கண்டக்டர் இருந்தார். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நல்ல பகல் நேரம். மனைவி அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். உள்ளே வந்தவர்கள் போர்வையை உருவினார்கள். "நடிக்கிறியா?" என்று இரண்டு பேர் கைக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிட்டார்கள். எடுத்துவிட்டார்கள் தோழர்களே! மனிதர் மரம்போலச் சாய்ந்தார். இடுப்பெலும்பு முறிந்த சத்தம் தெருவுக்குக் கேட்டது. சில வாரங்களில் செத்துப்போனார். கஞ்சி ஊட்டிய அந்த மனைவி, நம் கண்டக்டர் வீட்டு அக்கா, இதோ முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

சத்தம் கேட்டு நம் தலைவி ஓடி வந்தார். கிடைத்த செங்கல்லை எடுத்து ஜீப்பின் கண்ணாடியைத் தூளாக்கினார். ஜீப்பை ஓட்டிவந்தவன் இறங்கினான். பெரிய மீசை. எல்லோரும் அவனை மீசை என்றே கூப்பிடுவார்கள். முஷ்டியை மடக்கி அக்காவின் வாயில் ஒரு குத்து விட்டான். அக்கா தரையில் பல்லைத் துப்பினார். துப்பிவிட்டு அவன் மணிக்கட்டைக் கடித்தார். மிச்சமிருந்த பல்லால்! மூன்று பேர் சேர்ந்து பிய்த்தெடுக்க வேண்டியிருந்தது. சிறைக்குப் போனது யார்? குத்தியவனா? கொன்றவர்களா? அக்காதான் போனார்!

இனி நான் சொல்லப்போவது உங்களில் பலருக்குப் பிடிக்காது. தெரிந்துதான் சொல்கிறேன்.

அக்கா சிறையிலிருந்து வந்த பிறகு, அந்த ஜீப் ஒரு பள்ளத்தில் உருண்டது. மீசைக்கு முதுகெலும்பு போயிற்று. தற்காலிக ஊழியன்தானே, வேலையும் போயிற்று. உதவி கேட்டான். அவனோடு ஒரே ஜீப்பில் போனவர்களே வந்து அவன் போர்வையை உருவினார்கள். தகுதியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவன் மனைவி நம் அலுவலகத்துக்கு வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. கண்டக்டர் வீட்டு அக்கா அன்று அங்கே இருந்தார். கையிலிருந்த துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு எழுந்தார். "என் புருஷனைக் கொன்ன கூட்டத்துக்கா சோறு கேட்டு வந்தே? போடி வெளியே!"

ஒற்றைக்கை அக்கா குறுக்கே போய் நின்றார்.

"அவன் என் பல்லை உடைச்சவன். அந்தக் கணக்கு அவனுக்கும் எனக்கும். இந்தக் கணக்கு அரசாங்கத்துக்கும் நமக்கும். ரெண்டையும் போட்டுக் குழப்பாதே தங்கச்சி."

"உனக்குப் பல்லுதான் போச்சு. எனக்கு ஆளே போயிட்டாரு!"

"ஆமா. உன் வலி எனக்குத் தெரியும்னு சொன்னா அது பொய். ஆனா முடியாதவனைத் தூக்கிப் போடறது தப்புன்னா, எல்லாருக்கும் தப்புதானே? நல்லவனுக்கு மட்டும் தப்புன்னு ஒரு சட்டம் போட முடியுமா?"

கண்டக்டர் வீட்டு அக்கா துடைப்பத்தை வீசிவிட்டுப் போய்விட்டார். பல மாதம் அக்காவோடு பேசவில்லை. அக்கா அவரைக் குறை சொல்லவும் இல்லை, மீசைக்காக எடுத்த வழக்கை விடவும் இல்லை. நீதிமன்றப் படி ஏறி, மேல்முறையீடு செய்து, மீசைக்கு உதவியை வாங்கிவிட்டார். செய்தியைச் சொல்ல அவரே அவன் வீட்டுக்குப் போனார், நானும் கூடப் போனேன். அவன் அழுதான். அக்கா சொன்னார்: "அழாதே. உன்னால எழுந்து நிக்க முடிஞ்சிருந்தா இப்ப அறைஞ்சிருப்பேன்."

மன்னிப்பு இல்லை. கட்டிப்பிடித்தல் இல்லை. ஆனால் அன்றைக்குத்தான் அவன் வாயைத் திறந்தான். ஒவ்வொரு காலையும் ஜீப்பில் ஏறும் முன்னால் பெரிய அதிகாரி வந்து என்ன சொல்வார் என்று சொன்னான். "முடியுதா முடியலையான்னு பார்க்கப் போகல நீங்க. திரும்பி வர்றப்போ பாதிப் பேரைக் கழிச்சிருக்கணும். கீழே போட்டாலும் சரி." கேட்டீர்களா? கீழே போட்டாலும் சரி! இதை அந்த மசோதாவை விசாரிக்கும் சட்டமன்றக் குழுவின் முன்னால் சொல்லத் தயார் என்றான் மீசை.

அவன் சாட்சி சொல்லவிருந்த நாள்தான் அந்த நாள்.

காலை வெயில். சட்டமன்ற வாயிலுக்கு முன்னால் நாம் எல்லோரும் நின்றோம். யாரிடம் கல் இருந்தது? யாரிடம் கம்பு இருந்தது? ஊன்றுகோலையும் கண் தெரியாதவர்களின் வெள்ளைக் கோலையும் தவிர நம்மிடம் ஒரு குச்சி இல்லை! மீசையின் சக்கர நாற்காலியை அக்கா ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு சாய்வுப் பாதையில் ஏறினார். அப்போது காவலர்கள் விசில் ஊதினார்கள். எச்சரிக்கை இல்லை. கலைந்து போங்கள் என்ற ஒரு சொல் இல்லை. தடிகள் இறங்கின. வெள்ளைக் கோலைப் பிடுங்கி அதன் சொந்தக்காரரையே அடித்தார்கள். ஊன்றுகோலை எட்டி உதைத்தார்கள். ஒரு தாயின் காது கிழிந்து கழுத்தெல்லாம் ரத்தம் வழிய, அவள் குழந்தையை என்னிடம் நீட்டியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

நான்கு பேர் நேராக நாற்காலியைக் குறிவைத்து வந்தார்கள். கூட்டத்தை விட்டுவிட்டு, நாற்காலியை! ஏன் என்று உங்களுக்கே புரியும். அக்கா அவன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். முதல் அடி தோளில். இரண்டாவது பிடரியில். நான் ஓடினேன், என்னையும் வீழ்த்தினார்கள். விழுந்த இடத்திலிருந்து பார்த்தேன். நாற்காலியின் கைப்பிடியிலிருந்து அவர் விரலைப் பிரிக்க முடியாமல், விரல்மேலேயே அடித்தார்கள். மீசை கீழேயிருந்து கத்தினான், "என்னை அடிங்கடா! அவங்களை விடுங்கடா!" யார் விட்டார்கள்?

ஆம்புலன்ஸில் அக்காவுக்கு ஒரு முறை நினைவு வந்தது. மகள் பக்கத்தில் இருந்தாள். "அம்மா" என்றாள். அக்கா கேட்டார்: "அவன் உள்ளே போயிட்டானா?"

போகவில்லை அக்கா. அன்று விசாரணையைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

தோழர்களே! அந்த விசாரணை நாளைக் காலை நடக்கிறது. அதற்குப் பிறகு அந்தச் சீரமைப்பு மசோதாவின்மேல் வாக்கெடுப்பு. மீசை இங்கேதான் இருக்கிறான், கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில். திரும்பிப் பார்க்கிறீர்கள். உங்கள் பார்வை எனக்குப் புரிகிறது. இவனுக்காகவா அவர் செத்தார் என்று கேட்கிறீர்கள். வாசலில் சில தம்பிகள் ஜீப்பைக் கொளுத்த வேண்டும் என்று பேசிக்கொண்டதும் என் காதில் விழுந்தது. என் கையும் அரிக்கிறது தம்பி! பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஜீப்பைக் கொளுத்தினால் நாளைக்குப் புது ஜீப் வரும். அந்த அதிகாரி சொன்னதை அவையில் எடுத்துச் சொல்ல இந்த ஒரு வாய்தான் இருக்கிறது. அக்கா தன் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய வாய்!

நாளை அதே சட்டமன்ற வாசல், அதே சாய்வுப் பாதை. அதே தடிகளும் இருக்கும். நான் வருவேன், வழக்கறிஞர் அம்மா வருவார், அக்காவின் இடத்தில் அவர் மகள் உட்காருவாள். ஆனால் அவன் நாற்காலியை யார் தள்ளப்போகிறீர்கள்? என் வலது கை இதோ, மாவுக்கட்டோடு தொங்குகிறது. யார்? சத்தமாகச் சொல்லுங்கள்.

யார் எழுந்தது... கண்டக்டர் வீட்டு அக்கா எழுந்திருக்கிறார். பின்னால் போகிறார். கொஞ்சம் வழிவிடுங்கள். தம்பி, அவரைத் தடுக்காதே. நாற்காலியின் பின்னால் போய் நின்றுவிட்டார். அவர் சொல்வது முன்வரிசைக்குக் கேட்கவில்லையாம். அமைதியாக இருங்கள், நான் கேட்டுச் சொல்கிறேன்.

சொல்கிறார்: "இவனை நான் மன்னிக்கல. சாகறவரைக்கும் மன்னிக்க மாட்டேன். ஆனா நாளைக்கு இவன் பேசி முடிக்கிறவரைக்கும் இவன்மேல ஒரு தூசி விழ விடமாட்டேன். இந்த நாற்காலியை நான் தள்றேன். நகருங்க."

நகருங்கள் உறவுகளே. அவருக்குப் பாதை விடுங்கள்.