ஒன்பது கொத்து இசோத்தே

— ஒன்பது கொத்து, பெரியவரே! கல்யாண வளைவுக்குன்னு காலையில லாரியில அனுப்பினேன். ஒன்பது கொத்து இசோத்தே பூ! லாரிக்காரன் உங்க வீட்டுலதான் இறக்கினேங்கறான். எங்கே?

— மரிசேலாதானே உன் பேரு? சட்டையில எழுதியிருக்கு. பதறாதே மகளே, பூ பத்திரமா இருக்கு. கொஞ்சம் என் வயித்துல, கொஞ்சம் சட்டியில, மீதி தெருக்காரங்க வயித்துல.

— சமைச்சிட்டீங்களா!

— பின்னே? இந்த நாட்டுல வாசல்ல இசோத்தேயை இறக்கி வெச்சா, அலங்காரத்துக்குன்னு எவன் நினைப்பான்? இதழைப் பிரிச்சு, நடுவுல இருக்கிற கசப்பைக் கிள்ளிப் போட்டு, தக்காளி, வெங்காயம், முட்டை. இந்தா, சோள ரொட்டியில வெச்சு ஒரு வாய்.

— எதிர் வீட்டுப் பொண்ணுக்கு நாலு மணிக்குக் கல்யாணம்! நான் தனியா எடுத்த முதல் வேலை இது. வெறும் மூங்கிலையா நட்டு வைக்கிறது? ...ம்ம். என்னங்க இது, இவ்வளவு நல்லாருக்கு?

— ருசி தெரிஞ்ச நாக்கு! எங்க மாமா ஒருநாள் இசோத்தேக் குச்சியை நட்டு, தொப்பியை மாட்டினாரு. மறுநாள் எடுக்க ஏணி வேண்டியிருந்தது. மூணாம் நாள் ஒரு கிளி வந்து தொப்பியைக் கொடுத்துட்டுப் போச்சு. சத்தியமா.

— கதை வேணாம். எனக்குப் பூ வேணும்.

— என் தோட்டத்தையே வெட்டிக்கோ. அந்த டாலியாவைப் பாரு. ஒரு இதழைக் கடி, பயப்படாதே. பெகோனியா புளிக்கும். செம்பருத்தி வழவழன்னு இறங்கும். மூலையில அரளி இருக்கு, அதை மட்டும் தொடாதே. தின்னா நேரா கல்லறைதான்.

— அடேங்கப்பா! தலைநகர்ல எந்தப் பூக்கடையிலயும் இவ்வளவு பெரிய டாலியா பார்த்ததில்லை. வளைவுக்கு இது போதும், மிஞ்சும்! மொத்தமுமா கொடுக்கறீங்க?

— மொத்தமும். ஒண்ணே ஒண்ணு, நான் சமைச்சது எதிர் வீட்டுப் பூன்னு பக்கத்து வீட்டு உபால்தினாகிட்ட மூச்சு விடாதே.

— ஏனாம்?

— இசோத்தேயைத் தனியா தின்னா இறங்குமா? என் இசோத்தே வேலி இந்த வருஷம் பூக்கவே இல்லை. மூணு வருஷமா அவகிட்ட வேலியோரம் நின்னு கதைதான் விட்டுக்கிட்டிருந்தேன். இன்னைக்குத் தட்டை நீட்டினேன். கூடவே, கட்டிக்கறியான்னும் கேட்டுட்டேன். ரெண்டு வாய் தின்னா, சரின்னுட்டா.

— அட! நல்ல சேதிதானே?

— அடுத்தவங்க கல்யாணப் பூன்னு தெரிஞ்சா, சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்கிப்பா. அவ்வளவு நேர்மையான பொம்பளை.

— பெரியவரே... வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா நிக்கறாங்க.

— உபால்தினா! எவ்வளவு நேரமா நிக்கிறே?

— காலையில இருந்து. லாரிக்காரன் பூவை எதிர் வீட்டுலதான் இறக்கப் போனான், நிக்கனோர். இங்கேன்னு கை காட்டினது நான். இன்னும் மூணு வருஷம் கதை கேட்க எனக்குத் தெம்பில்லை.