வால்வு மூடியிருக்கிறது

மாடு வளர்ப்பதைவிடப் பாசி வளர்ப்பது சுலபம், இன்ஸ்பெக்டர் ஐயா. பாசி உதைக்காது, வேலி தாண்டாது. வெயிலும் கரியமில வாயுவும் கொடுத்தால் போதும், உடம்பெல்லாம் எண்ணெய் சேர்த்துக்கொள்ளும். அந்த எண்ணெயில் விமானம் பறக்கப்போகிறது என்று இஷிகாக்கி தீவே பூரித்தது. நானும் என் தம்பி யூசேயும் அந்தப் பாசித் தொட்டிகளில்தான் வேலை பார்த்தோம்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எதைச் சரிபார்த்தாலும் கையை நீட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தொட்டிக்கு அடியிலுள்ள குழிக்குள் ஒருவர் இறங்குமுன், மேலே நிற்பவர் வாயு வால்வு மூடியிருக்கிறதா என்று பார்த்துக் குரல் கொடுப்பார். அந்த வாயுவுக்கு மணமில்லை, காற்றைவிடக் கனம். குழியில் தேங்கினால் ஆள் சுருண்டுவிடுவான்.

போன வருடம், அந்த எண்ணெயில் பறக்கும் முதல் விமானத்துக்கு நாள் குறித்தார்கள். நிர்வாகி குரோய்வா, டோக்கியோக்காரர், அவசரப்பட்டார். "வால்வ மூடினா பாசி வாடிடும்பா. அஞ்சு நிமிஷ வேல, மூச்சப் பிடிச்சுக்கிட்டு இறங்கிட்டு வா" என்று தம்பியிடம் சொன்னதை வாக்கி டாக்கியில் என் காதாலேயே கேட்டேன். இறங்கியவன் ஏறவில்லை. கேமராக்களுக்கு முன்னால் குரோய்வா இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். யூசே யாரிடமும் சொல்லாமல் தானாகவே இறங்கிவிட்டான் என்றார். அக்கா சொல்வதை யார் நம்புவார்கள்?

விமானம் குறித்த நாளில் பறந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அன்றிலிருந்து அவரிடம் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டேன்.

போன வாரம், விருந்தாளிகள் வரும் நேரம் பார்த்துக் குழியிலிருந்த பம்பு அடைத்துக்கொண்டது. அடைத்தது நான்தான். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். குரோய்வாவே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்.

"ஓஹாமா சான், வால்வப் பாத்துச் சொல்லுங்க" என்றார் என்னிடம்.

வால்வு முழுக்கத் திறந்திருந்தது. கையை நேராக நீட்டினேன்.

"வால்வு மூடியிருக்கு. சரி."

"உங்க குரல் கேட்டா கோயில் மணி கேட்ட மாதிரி. அப்புறம் வாயு அளக்குற மீட்டர் எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே இறங்கினார். அடியில் கால் தள்ளாடியபோது அண்ணாந்து பார்த்தார். "யூசே" என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆய்வகத்துப் பெண் மியோ அப்போது வருவாள் என்று எனக்குத் தெரியாது. குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, சார் விழுந்து கிடக்கார். வால்வு மூடியிருக்கா? சொல்லுங்கக்கா."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கு என்றால் அவள் ஓடிப்போய் மூடுவாள், அவர் பிழைத்துக்கொள்வார். அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு ஏணியில் இறங்கினாள்.

குரோய்வாவைக் கொன்றது நான். எங்கே வேண்டுமானாலும் சொல்கிறேன். ஆனால் மியோவின் சாவை என் தலையில் கட்டாதீர்கள், ஐயா. பதில் வருமுன் இறங்கினால் அதற்கு யார் என்ன செய்ய முடியும்?