கல்லின் வலது பாதி

என் மகள் தெக்லா ஆறு வயதில் ஒருநாள் காலை உணவு மேசையில் என்னிடம் கேட்டாள். "அப்பா, அந்தக் கல்லுல உடைஞ்சுபோன பக்கத்துல என்ன எழுதியிருந்துச்சுன்னு உங்களுக்கு யார் சொன்னா?" யாரும் சொல்ல வேண்டியதில்லை, வரிக்கு எத்தனை எழுத்து என்று எண்ணத் தெரிந்தவனுக்குக் கல்லே சொல்லிவிடும் என்றேன். அவள் ரொட்டியில் பிளம் ஜாமைத் தடவிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

அவள் குறிப்பிட்ட கல்லை இந்த நாட்டில் கிரேக்கம் படித்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். ஒரு பழைய நகரம் கடற்போரில் வென்று, பிடித்த கைதிகளை என்ன செய்தது என்று சொல்லும் கல்வெட்டு அது. ஆசியா மைனர் கடற்கரையில் இடது பாதி மட்டும் கிடைத்தது. 'கைதிகளை' என்ற சொல்லோடு கல் முறிந்துவிடும். இருபத்தொன்பது வயதில் நான் அந்த வெற்றிடத்தை நிரப்பினேன். கைதிகளைச் சந்தையில் விற்றார்கள் என்பது என் வாசிப்பு. எழுத்துக் கணக்கு கச்சிதமாக வந்தது. அந்த ஒரு வினைச்சொல்லின் மேல், அந்த நகரத்தின் கல்நெஞ்சைப் பற்றி நானூறு பக்கம் எழுதினேன். கிராமப் பாதிரியாரின் ஐந்தாவது மகனான எனக்குப் பேராசிரியர் பதவியையும், லான் ஆற்றங்கரையில் வீட்டையும், பழங்காலச் சிலைகளின் சாந்து வார்ப்புகள் நிற்கும் பல்கலைக்கழகத்தின் வார்ப்புச் சிலைக் கூடப் பொறுப்பையும் அந்தப் புத்தகம்தான் கொடுத்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. எத்தனை பேர் அந்தச் சொல்லை நம்பிப் பாடம் நடத்தினார்கள், தேர்வு எழுதினார்கள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எவால்ட் ரேம் என் மாணவன். சாயத் தொழிலாளியின் மகன், அப்பாவின் விரல்களில் எப்போதும் சாயம், அவன் விரல்களில் எப்போதும் மை. கல் கிடைத்த கடற்கரைக்குப் போக நான்தான் அவனுக்குப் பயண உதவித்தொகை வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் ஆண்டு வசந்தத்தில் அவனிடமிருந்து ஒரு தகரக் குழாய் வந்தது. உள்ளே சுருட்டிய தாள் ஒன்றும் கடிதமும்.

எங்கள் தொழிலில் கல்லைத் தூக்கி வர முடியாதபோது தாளைக் கொண்டுவருவோம். தடித்த தாளை நனைத்து எழுத்தின் மேல் விரித்து, தூரிகையால் அடித்து, காயவிட்டு உரித்தால் எழுத்தெல்லாம் தாளில் புடைத்து நிற்கும். ரேம் வலது பாதியைக் கண்டுபிடித்திருந்தான். ஊர்க்காரர்கள் அதைச் சுண்ணாம்புக் காளவாய்க்கு எடுத்து வைத்திருந்தார்களாம். கெஞ்சி ஒரு மதியம் அவகாசம் வாங்கி ஒரே ஒரு படி எடுத்திருக்கிறான். மறுநாள் போனபோது கல் வெந்து சுண்ணாம்பாகிவிட்டது. கடிதத்தின் கடைசியில் இப்படி எழுதியிருந்தான்: 'இதை வேறு யாருக்கும் காட்டவில்லை. ஆசிரியர் முதலில் பார்ப்பதுதான் முறை.'

எங்களிடையே அது அப்படித்தான். மாணவன் எதைக் கண்டாலும் முதலில் ஆசிரியரின் மேசைக்கு வர வேண்டும். நான் கற்றுக்கொடுத்த முறைதான்.

தாளைச் சாளரத்தோரம் சாய்த்துப் படித்தேன். 'வீட்டுக்கு அனுப்பினார்கள். வழிக்கு ரொட்டியும் கொடுத்தார்கள்.' இடது பாதியோடு ஓர் எழுத்துப் பிசகாமல் பொருந்தியது.

மூன்று வாரம் தாளை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். நான்காவது ஞாயிறு எனக்குச் சளி. மனைவியும் தெக்லாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். தபாலில் வந்ததில் தாளின் ஓர் ஓரம் மடங்கியிருந்தது. மடிப்பை நீக்க லேசாக ஈரம் காட்டலாம் என்று கைகழுவும் தொட்டியில் வைத்தேன். இந்தத் தாள் மறுபடி நனைந்தால் எழுத்து அமுங்கி, வெறும் தாளாகிவிடும். முதல் வாரப் பாடத்திலேயே மாணவர்களுக்கு இதைச் சொல்லி எச்சரிப்பேன். கோயில் மணி அடித்து ஓய்ந்தபோது தாள் தொட்டியின் அடியில் படுத்திருந்தது. எடுத்து இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் காயவிட்டேன். நெருப்பில் போடவில்லை. அப்படிச் செய்கிறவன் நான் இல்லை.

ரேம் தன் வாசிப்பைக் கட்டுரையாக வெளியிட்டான். ஆதாரமான தாள் என் ஆசிரியரிடம் பத்திரமாக உள்ளது என்று அடிக்குறிப்பு போட்டிருந்தான். தலைநகரின் அறிஞர் அவை என்னிடம் விசாரித்து எழுதியது. நான் உண்மையைத்தான் எழுதினேன். 'ஒரு தாள் வந்தது. அதில் எழுத்து எதையும் என்னால் காண முடியவில்லை. தாளை இத்துடன் அனுப்புகிறேன்.' ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மாணவன் மேல் இரக்கம் காட்டும்படி ஒரு வரியும் சேர்த்தேன்.

அவனைப் போலி செய்தவன் என்று பத்திரிகைகள் எழுதின. உறுதியாகியிருந்த பள்ளி வேலை போயிற்று. நிச்சயித்திருந்த பெண்ணின் வீட்டார் மோதிரத்தைத் திருப்பி அனுப்பினார்கள். இலையுதிர் காலத்தில் அவன் என்னைப் பார்க்க வார்ப்புச் சிலைக் கூடத்துக்கு வந்தான்.

கூடத்தின் காவலாளி பாம்கே வாய்த்துடுக்கு உள்ளவர். சிலைகளைத் துடைத்துக்கொண்டே வருகிறவர்களிடம், "இந்த அம்மாவுக்குக் கையும் இல்ல, தலையும் இல்ல. தூசி மட்டும் குறைவில்லாம சேருது" என்பார். அன்று அவர் ரேமைக் கணப்பருகே உட்காரவைத்து, தன் மதிய ரொட்டியில் பாதியைப் பன்றிக்கொழுப்பு தடவிக் கொடுத்திருந்தார். நான் உள்ளே நுழைந்தபோது ரேம் வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு எழுந்து நின்றான்.

"ஐயா, நீங்க படிச்சீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. வேற யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். எனக்குச் சொன்னாப் போதும். எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு, ஐயா. அந்தக் கல்லை நான் பார்த்தேனா இல்லையான்னு."

அவன் கேட்டது பெரிதல்ல. ஒரு சொல். அதைக் கொடுக்க நான் உண்மையாகவே விரும்பினேன். ஆனால் அவனிடம் சொன்னால் அவையிடமும் சொல்ல வேண்டும். அவையிடம் சொன்னால் நானூறு பக்கம், தேர்வு எழுதிய பிள்ளைகள், தெக்லா. என் கை கட்டப்பட்டிருந்தது.

"வெயில்ல ரொம்ப நாள் இருந்துட்டே, ரேம். கொஞ்ச நாள் ஓய்வெடு" என்றேன்.

அவன் தலையாட்டினான். வெளியே போகும்போது பாம்கேவுக்கு நன்றி சொன்னான். எனக்கும் சொன்னான்.

பாம்கே கையில் துணியோடு நின்றுகொண்டிருந்தார். "ஐயா, எனக்கு கிரேக்கம் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனா பொய் சொல்றவன் ரொட்டியை அப்படித் திங்க மாட்டான்" என்றார். வேலையைப் பாருங்கள் என்றேன். பார்த்தார். ஆனால் அதன்பின் அவர் என்னிடம் வேடிக்கையாக எதுவும் பேசியதில்லை.

அடுத்த ஆண்டு ரேம் தன் புத்தகங்களை விற்று மறுபடியும் அந்தக் கடற்கரைக்கே போனான். காளவாயைச் சுற்றி வேகாத துண்டு ஒன்றாவது கிடக்காதா என்று கோடை முழுவதும் சாம்பலைச் சலித்தான் என்று கேள்விப்பட்டேன். அது சதுப்புநிலம். காய்ச்சல் கண்டது. செப்டம்பரில் பக்கத்துத் துறைமுக நகரமான ஸ்மிர்னாவின் மருத்துவமனை ஒன்றில் இறந்துபோனான். முப்பத்தொரு வயது.

அவன் இறந்த செய்திக்குப் பிறகு அவன் எழுதிய கடிதம் வந்தது. உறையைப் பிரித்தேன். உள்ளே குற்றச்சாட்டு எதுவும் இல்லை. படுக்கையில் படிக்கத் தன்னிடம் இருந்தது என் புத்தகம் ஒன்றுதான் என்றும், அதில் பதினொரு அச்சுப்பிழைகள் கண்ணில் பட்டதாகவும், மறுபதிப்புக்கு உதவக்கூடும் என்றும் எழுதி, பக்க எண்ணோடு பட்டியல் போட்டிருந்தான். கோணல் மாணலான எழுத்து. ஆனால் பதினொன்றும் சரி.

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் நெடுநேரம் ஜெபம் செய்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்யும் இப்படிப்பட்ட சின்ன நன்மைகளில்தான் இறைவன் இருக்கிறான் என்று என் தகப்பனார் பிரசங்கம் செய்வார்.

ஆறு ஆண்டுகள் கழித்து மறுபதிப்பு வந்தது. பதினொரு பிழைகளையும் என் கையாலேயே திருத்தினேன். பிறகு கல்வெட்டின் பக்கத்தைத் திறந்து என் பழைய வாசிப்பை அடித்துவிட்டு, கைதிகளை வீட்டுக்கு அனுப்பினார்கள், வழிக்கு ரொட்டியும் கொடுத்தார்கள் என்று எழுதினேன். நீண்ட சிந்தனைக்குப் பின் வந்த என் புதிய ஊகம் என்று அடிக்குறிப்பு போட்டேன். சொந்தக் கருத்தையே திருத்திக்கொள்ளும் துணிச்சல் யாருக்கு வரும் என்று அறிஞர்கள் பாராட்டினார்கள். ரேமின் பெயரைப் போடவில்லை. கெட்டுப்போன பெயர். போட்டிருந்தால் அந்த வாசிப்பை யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள், அவனுக்கும் அது நல்லதல்ல.

அந்தப் பக்கத்தைத் திருத்தி முடித்த மாலை அறையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. பேனாவைத் துடைத்து வைத்தேன். அவனுக்கு நான் பட்டிருந்த கடன் அத்தோடு தீர்ந்தது.