கண்ணைக் கட்டிக் கேட்ட பாட்டு

மரக்காணத்தில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பஸ் உப்பளங்களைத் தாண்டுவதற்குள் ஜன்னலோரப் பெண் சொன்னாள்:

"எங்கண்ணன் கண்ணை என் துப்பட்டாவாலதான்டி கட்டினேன்."

"எதுக்குடி?"

"சர்ச் ஹாலுல பாட்டு போட, நெட்டுலேர்ந்து பாட்டை எடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்பற ஸ்ட்ரீமர் பெட்டி வேணும்னாங்க. அண்ணன் லட்ச ரூபா ஐட்டம் ஒண்ணை ட்ரையலுக்குக் கொண்டாந்தான். சின்ன கம்ப்யூட்டர் போர்டை வச்சு நான் செஞ்சதைப் பார்த்து, 'இது பொம்மை'ன்னுட்டான்."

"அப்புறம்?"

"அதே ஆம்ப்ளிஃபயர், அதே ஸ்பீக்கர், சவுண்டும் அதே அளவு. கண்ணைக் கட்டிட்டு ரெண்டுலயும் மாத்தி மாத்திப் பாட்டு போட்டேன். 'இதான் லட்ச ரூபா, என்னா தெளிவு!'ன்னு என்னுது பாடறப்போ சொல்றான்!"

தோழி சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"கோச்சுக்கிட்டானா?"

"கட்டை அவுத்ததும் ஆடிப்போயிட்டான். வித்தியாசமே தெரியலையே, இதுவே போதும்னு ஃபாதர் சொல்லிட்டாரு. யார் செஞ்சதுன்னு கேட்டாரு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அண்ணன் எழுந்து நின்னு, 'என் தங்கச்சி, ஃபாதர்'னு ஹாலுக்கே கேக்கற மாதிரி சொல்றான்டி!"