எல்லாரையும் கேட்கிற கேள்வி

சிஸ்டர்: …அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். குழந்தையோட சட்டையைக் கழட்டுங்கம்மா.

டாக்டர்: அம்மாவா? பிரசவ லீவுல போற வரைக்கும் டாக்டர்னுதானே கூப்பிட்டீங்க?

சிஸ்டர்: அப்ப நீங்க மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தீங்க. இப்ப இந்தப் பக்கம். இந்தப் பக்கம் உக்காந்தா எல்லாரும் அம்மாதான்.

டாக்டர்: நல்ல கதையா இருக்கே. குழந்தைங்களுக்குன்னு இந்த கிளினிக்கை ஆரம்பிச்சவளுக்கே இந்த மரியாதையா?

சிஸ்டர்: டோக்கன் வாங்கிட்டு வரிசையில உக்காந்தது யாரு? நேரா உள்ள வந்திருந்தா நானும் எழுந்து நின்னு வணக்கம் சொல்லியிருப்பேன்.

டாக்டர்: சரி, சரி. ஊசிக்கு வந்தேன். போட்டு விடுங்க, கிளம்பறேன்.

சிஸ்டர்: ஊசிக்கு.

டாக்டர்: ஊசிக்குத்தான். வேற எதுக்கு வருவாங்க?

சிஸ்டர்: போடலாம், போடலாம். முதல்ல எடை. என்னடா உருண்டை… அம்மா லீவு போட்டு உன்னை நல்லாத்தான் உருட்டி வெச்சிருக்காங்க. வா, தராசுல படு. ஏய்… காலை உதைக்காத, முள்ளு ஆடுது.

டாக்டர்: சீக்கிரம் பாருங்க சிஸ்டர். அழ ஆரம்பிச்சுடுவான்.

சிஸ்டர்: அழட்டுமே. இந்த ரூம்ல அழாத குழந்தை யாரு?

டாக்டர்: இல்ல… ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான்.

சிஸ்டர்: ம்.

டாக்டர்: என்ன ம்?

சிஸ்டர்: சும்மா. ம்.

டாக்டர்: புது டாக்டர் எப்படி இருக்கார்? ஒத்துப் போகுதா?

சிஸ்டர்: பேச்சை மாத்தறீங்க. இருந்தாலும் சொல்றேன். வந்த புதுசுல, "ஊசியைப் போட்டு அனுப்புங்க, வீட்ல அடிப்பியா திட்டுவியான்னு கேக்கறதெல்லாம் நம்ம வேலையா?"ன்னார். சரிங்க சார்னு சொல்லிட்டு நான் பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருந்தேன். இப்ப அவரே, "சிஸ்டர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போங்க"ன்னு ஆளை அனுப்பறார்.

டாக்டர்: பரவாயில்லையே.

சிஸ்டர்: பரவாயில்லையாவது? போன வாரம் பெரிய ஆஸ்பத்திரிலேருந்து நாலஞ்சு நர்ஸுங்க வந்தாங்க, நாம எப்படிக் கேக்கறோம்னு பாக்க. நான் கேக்க, அவங்க சுவரோரமா நின்னு வேடிக்கை பாக்க… எனக்கு ஒரே கெத்து. நீங்க இருந்து பாத்திருக்கணும்.

டாக்டர்: உங்களுக்கென்ன, நீங்க… இருங்க, இருங்க. கண்ணைத் தராசுலயே வெச்சுக்கிட்டு, குரலையும் இறக்கியாச்சு. அடுத்து என்ன வரும்னு எனக்குத் தெரியாதா?

சிஸ்டர்: என்ன வரும்?

டாக்டர்: கேள்வி வரும். கை குழந்தை மேல இருக்கணும், கண்ணு தராசு மேல இருக்கணும். அம்மா முகத்தைப் பாத்துக் கேட்டா போலீஸ் விசாரணை மாதிரி ஆயிடும்… இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். என் வித்தையை எங்கிட்டயேவா?

சிஸ்டர்: நல்லாச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க, அதான் மறக்கலை. கேக்கட்டுமா?

டாக்டர்: வேணாம் சிஸ்டர். என்னை விட்டுடுங்க. வெளியில கூட்டம் நிக்குது.

சிஸ்டர்: அந்த வக்கீலம்மா ஞாபகம் இருக்கா?

டாக்டர்: எந்த…

சிஸ்டர்: தெரியாத மாதிரி கேக்காதீங்க. "என் வீட்டு விஷயத்தைக் கேக்க நீ யாரு, புகார் குடுத்து உன் வேலையையே காலி பண்றேன்"னு என் மேல பாய்ஞ்சாங்களே. நான் ஆடிப் போயிட்டேன். நீங்க உங்க ரூம்லேருந்து எழுந்து வந்து என் பக்கத்துல நின்னீங்க. என்ன சொன்னீங்க?

டாக்டர்: எதுக்கு இப்ப அது?

சிஸ்டர்: சொல்லுங்க.

டாக்டர்: எல்லாரையும் கேக்கறோம்னு சொன்னேன்.

சிஸ்டர்: அப்புறம்?

டாக்டர்: உங்களை மட்டும் விட்டுட்டா, மத்தவங்களை எல்லாம் சந்தேகப்பட்டுக் கேட்டதா ஆயிடும். அதனால ஒருத்தரையும் விட மாட்டோம்னு…

சிஸ்டர்: எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. வீட்டுக்குப் போய் எங்க வீட்டுக்காரர்கிட்ட மூச்சு விடாம சொன்னேன், எங்க டாக்டர் எப்படிப்பட்டவங்க தெரியுமான்னு. இப்ப நீங்களே விட்டுடுன்னா எப்படி டாக்டர்?

டாக்டர்: டாக்டர்னு சொல்லிட்டீங்க.

சிஸ்டர்: வாய் தவறிடுச்சு. எப்படிம்மா?

வாட்ச்மேன்: சிஸ்டரம்மா… கதவைத் திறக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. வெளியில சத்தம் போடறாங்க. ஊசின்னா ஒரு நிமிஷ வேலைதானேன்னு…

சிஸ்டர்: ஊசிக்கு ஒரு நிமிஷம் போதும், கேள்விக்கு நேரமாகும்னு சொல்லுங்கண்ணே.

வாட்ச்மேன்: டாக்டரம்மாவையுமா கேக்கறீங்க?

சிஸ்டர்: பேரனைத் தூக்கிட்டு வந்தன்னிக்கு உங்களை விட்டேனா?

வாட்ச்மேன்: எங்க விட்டீங்க? வாசல்ல காவல் காக்கறவன்னுகூடப் பாக்காம, இருமலுக்கு மருந்து வாங்க வந்தவனை உக்கார வெச்சு, பையன் அடம் பிடிச்சா என்ன பண்ணுவீங்கன்னு ஆரம்பிச்சுட்டீங்க. நானும் உள்ளதைச் சொல்லிட்டேன் டாக்டரம்மா. அன்னிலேருந்து பெல்ட்டு இடுப்புல மட்டும்தான் இருக்கு.

டாக்டர்: தெரியும்ண்ணே. சிஸ்டர் சொன்னாங்க.

வாட்ச்மேன்: பேரன் இப்ப என் தோளை விட்டு இறங்க மாட்டேங்கறான். அதை விடுங்க… நீங்களும் சொல்லிடுங்க. சிஸ்டரம்மா ஒண்ணும் கடிச்சுத் தின்ன மாட்டாங்க.

சிஸ்டர்: கதவைச் சாத்திட்டுப் போங்கண்ணே.

வாட்ச்மேன்: போறேன், போறேன்.

சிஸ்டர்: ம்… எங்க விட்டோம்? தூங்கறீங்களா?

டாக்டர்: தூங்கறேன்.

சிஸ்டர்: சாப்பாடு?

டாக்டர்: நேரத்துக்கு.

சிஸ்டர்: கூடமாட யாரு இருக்கா?

டாக்டர்: அவருக்கு வெளியூர்ல வேலை. வாரக் கடைசியில வந்துடுவார். மத்தபடி… நான் பாத்துக்கறேன்.

சிஸ்டர்: குழந்தை அழுதா?

டாக்டர்: பசியா, ஈரமா, வயித்து வலியான்னு பாப்பேன். தோள்ல போட்டுத் தட்டிக் குடுப்பேன். அப்பவும் நிக்கலைன்னா பத்திரமா படுக்க வெச்சுட்டு, வெளியில வந்து ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு, மூச்சை நிதானமா இழுத்து…

சிஸ்டர்: அது சுவர்ல ஒட்டியிருக்கற போஸ்டர். எழுதினதும் நீங்கதான். நான் உங்க வீட்டைக் கேட்டேன்.

டாக்டர்: என் வீட்லயும் அதேதான்.

சிஸ்டர்: சரி. உருண்டை, இப்படித் திரும்பு… குப்புறப் படுடா தங்கம்.

டாக்டர்: முதுகைப் பாக்கறீங்களா?

சிஸ்டர்: எல்லாக் குழந்தைக்கும் பாக்கறதுதானே? முதுகு, கை, தொடை, காதுக்குப் பின்னாடி.

டாக்டர்: ஆமா… பாருங்க. பாக்கணும்.

சிஸ்டர்: சமர்த்து… அப்படியே இரு.

டாக்டர்: சிஸ்டர்.

சிஸ்டர்: ம்.

டாக்டர்: ஒண்ணும் இல்லையே? இடது கை… தோளுக்குக் கீழ… அங்க ஒண்ணும் இல்லையே?

சிஸ்டர்: ஒண்ணும் இல்ல. வெண்ணெய் மாதிரி இருக்கு. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்கம்மா. நான் உங்களைப் பாக்கலை. தராசைத்தான் பாக்கறேன்.

டாக்டர்: எடை பாத்து முடிஞ்சுதே.

சிஸ்டர்: முள்ளு ஆடுச்சு. திரும்பப் பாக்கறேன்.

டாக்டர்: …சாயங்காலம் ஆனா ஆரம்பிச்சுடறான் சிஸ்டர். விளக்குப் போடற நேரம்னு அவனுக்கு எப்படித்தான் தெரியுமோ. எத்தனை அம்மாங்களுக்குச் சொல்லியிருக்கேன், கொஞ்ச நாள்ல தானா சரியாயிடும், தைரியமா இருங்கன்னு. எவ்வளவு லேசா சொல்லியிருக்கேன்…

சிஸ்டர்: ம்.

டாக்டர்: முந்தாநாள் அவன் கையைப் பிடிச்சேன். அழுத்தி. நிறுத்துடான்னு கத்தினேன். அது என் குரலே இல்ல. அவன் அப்படியே திகைச்சுப் போய் என்னைப் பாத்தான். யாரோ மாதிரி பாத்தான் சிஸ்டர். அப்புறம் வீறிட்டான். என்னோட இன்னொரு கை… எழுந்துடுச்சு.

சிஸ்டர்: எழுந்து?

டாக்டர்: நின்னுடுச்சு. எப்படி நின்னுதுன்னு தெரியலை.

சிஸ்டர்: அப்புறம்?

டாக்டர்: அவன் கட்டில்ல கொண்டு போய்ப் போட்டேன்.

சிஸ்டர்: போட்டீங்களா, படுக்க வெச்சீங்களா?

டாக்டர்: …படுக்க வெச்சேன். மல்லாக்க. பக்கத்துல கிடந்த துணி, தலையணை எல்லாத்தையும் எடுத்துட்டேன். கதவைச் சாத்திட்டு வந்து சமையல்கட்டுத் தரையில உக்காந்து தண்ணி குடிச்சேன். டம்ளர் பல்லுல இடிச்சுக்கிட்டே இருந்துது.

சிஸ்டர்: துணியை எல்லாம் எடுத்தீங்களா?

டாக்டர்: எடுத்தேன்.

சிஸ்டர்: அவ்வளவு நடுக்கத்துலயும்?

டாக்டர்: ஆமா. ஏன்?

சிஸ்டர்: இங்க குழந்தையைக் கூட்டிட்டு வர்ற அந்த பஸ் டிரைவரும் இதையேதான் செஞ்சார். நம்ம வியாழக்கிழமை பெத்தவங்க கூட்டத்துல எழுந்து நின்னு சொன்னார். முதல்ல கை தட்டினது யாரு?

டாக்டர்: அவர் வேற, நான் வேற.

சிஸ்டர்: எப்படி வேற?

டாக்டர்: நான் படிச்சவ. ஊருக்கே சொல்லிக் கொடுக்கறவ. எனக்கு இது வரக் கூடாது.

சிஸ்டர்: டாக்டருக்கு ஜுரம் வராதா? கை எழுந்தது களைப்பால. நின்னது உங்களால. இது நான் சொல்றதில்ல, அந்த டிரைவர்கிட்ட நீங்க சொன்னது. அவர் முகத்தைத் துடைச்சுக்கிட்டு நிமிர்ந்து உக்காந்தார் பாருங்க… நான் பக்கத்துல நின்னு, இப்பேர்ப்பட்ட இடத்துல வேலை பாக்கறேனேன்னு பூரிச்சுப் போயிட்டேன். இப்பவும் அப்படித்தான் இருக்கு எனக்கு, உங்களை நினைச்சா.

டாக்டர்: அழ வைக்காதீங்க.

சிஸ்டர்: அழுங்க. இந்த ரூம்ல அழாத அம்மா யாரு? இந்தாங்க, துடைச்சுக்குங்க. அது உருண்டையோட சட்டை. பரவாயில்ல, துடைச்சுக்குங்க.

டாக்டர்: வெளியில காத்துக்கிட்டிருக்காங்களே…

சிஸ்டர்: காத்திருப்பாங்க. அவங்கவங்க முறை வரும்போது அவங்களுக்கும் இதே நேரம் கிடைக்குமில்ல? இப்ப வேலையைப் பாப்போம். வீடு வீடா போய்க் குழந்தைங்களைப் பாக்கற நம்ம கிளினிக் அக்கா இன்னிலேருந்து விளக்குப் போடற நேரத்துக்கு உங்க வீட்டுக்கு வருவாங்க. அவங்க தூக்கி வெச்சுக்கட்டும், நீங்க போய்ப் படுங்க.

டாக்டர்: எங்க வீட்டுக்கா? அவங்களை வேலைக்கு எடுத்ததே நான்.

சிஸ்டர்: ரொம்ப நல்லதாப் போச்சு. வழி சொல்ல வேண்டியதில்ல.

டாக்டர்: உங்களை என்ன பண்றதுன்னே தெரியலை.

சிஸ்டர்: சிரிச்சீங்களே, அது போதும். உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா?

டாக்டர்: இல்ல. பயமா இருந்துது.

சிஸ்டர்: இன்னிக்கே போன் பண்ணிச் சொல்லுங்க. அவர் வந்ததும் இங்க கூட்டிட்டு வாங்க. அவரையும் கேக்கணும்.

டாக்டர்: அவரையுமா?

சிஸ்டர்: மீசை இருந்தா விட்டுடுவோமா? அப்புறம், வியாழக்கிழமை கூட்டத்துக்கு வரணும்.

டாக்டர்: நடத்தவா?

சிஸ்டர்: நடத்த நான் இருக்கேன். நீங்க ஜன்னலோரமா உக்காருங்க, இவனை மடியில வெச்சுக்கிட்டு. பேசணும்னு தோணினா பேசலாம். தோணலைன்னா சும்மா இருக்கலாம்.

டாக்டர்: வக்கீலம்மா வருவாங்களே…

சிஸ்டர்: ஒரு வாரம் தவறினதில்ல. இப்பல்லாம் புதுசா வர்றவங்களுக்கு நாற்காலி இழுத்துப் போடறதே அவங்கதான். உங்களுக்கும் போடுவாங்க.

டாக்டர்: எனக்கா?

சிஸ்டர்: உங்களுக்குத்தான் முதல்ல. நீங்க அன்னிக்கு என் பக்கத்துல நின்னதை அவங்களே கூட்டத்துல சொல்லிச் சொல்லிப் பெருமைப்படறாங்க. அட, பாருங்க… தராசுலயே தூங்கிட்டான். முள்ளு ஆடாம நிக்குது. இவனை ஊசி குத்தி எழுப்பணுமா?

டாக்டர்: சிஸ்டர்… ஊசி அடுத்த மாசம்தான்.

சிஸ்டர்: தெரியும். மருந்துப் பெட்டியை நான் இன்னும் திறக்கவே இல்லையே.

டாக்டர்: தெரியுமா? எப்பலேருந்து?

சிஸ்டர்: டோக்கனைக் கையில கசக்கிக்கிட்டு அந்த மூலை பெஞ்சில உக்காந்திருந்தீங்களே. நடுவுல எழுந்து வாசல் வரைக்கும் போனீங்க. அப்புறம் திரும்பி வந்து உக்காந்தீங்க. அப்பலேருந்து.

டாக்டர்: என்கூடப் படிச்ச டாக்டருங்க இந்தத் தெருவுலயே ரெண்டு பேர் இருக்காங்க. அவங்ககிட்டப் போயிருந்தா, "உனக்குத் தெரியாததா"ன்னு சொல்லி, டீ குடுத்து அனுப்பியிருப்பாங்க.

சிஸ்டர்: சரி, இங்க வந்தீங்க. வந்தும் என்னைக் கேக்காதேன்னு சொன்னீங்களே, அது ஏன்?

டாக்டர்: எத்தனை தடவை வேணாம்னாலும் நீங்க கேக்காம விட மாட்டீங்கன்னு தெரியும். அதை நம்பித்தான் வந்தேன்.